அந்தத் தங்கத் தட்டுகளில் யார் சாப்பிட்டார்கள்?

கேள்வி இதுதான்: 14, 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை விருந்துகளை வரைந்த ஓவியங்களில், மேஜைக்குப் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மர அடுக்கு நிற்கிறது. அதில் தங்கமும் வெள்ளியுமாகக் கூஜாக்கள், கோப்பைகள், தாம்பாளங்கள். ஆனால் சாப்பிடுகிறவர்களில் பலர் முன்னால் பார்த்தால் ஒரு ரொட்டித் துண்டும் கத்தியும்தான் கிடக்கின்றன. அவ்வளவு பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஏன் அதில் பரிமாறவில்லை? எல்லாம் வெறும் பவிசுக்காகவா?

பவிசுக்காகத்தான். "வெறும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும். அந்த அடுக்கைப் பார்த்தால் நமக்குப் பாத்திரம் தெரிகிறது. விருந்துக்கு வந்த வெளிநாட்டுத் தூதருக்கும் பக்கத்து ஊர்ப் பிரபுவுக்கும் தெரிந்தது காசு. எத்தனை ஆயிரம் வீரர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் அங்கே பளபளவென்று நிற்கிறது என்று கண்ணாலேயே எடை போட அவர்களுக்குத் தெரியும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்தப் பாத்திரங்கள் பந்திக்கும் முந்தின, படைக்கும் முந்தின.

எடை என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கால அரண்மனைகளின் சரக்குப் பட்டியல்கள் நிறையப் பிழைத்திருக்கின்றன. ஒரு கோப்பை என்றால் மூடியில் என்ன உருவம், அடியில் யாருடைய சின்னம், சுற்றிலும் எத்தனை முத்து என்று எழுதுகிறவர் ரசித்து எழுதுவார். ஆனால் கடைசியில் எடை வந்து நிற்கும்: இத்தனை மார்க், இத்தனை அவுன்ஸ். பாரிஸ் மார்க் என்பது கிட்டத்தட்ட 245 கிராம். எட்டு அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு மார்க். பழைய வளையலை நகைக்கடைக்கு எடுத்துப் போனால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் முதலில் தராசில்தானே வைப்பார்? அதே மனசுதான். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, உருக்கும்போது போனது போனதுதான். உலோகம் மட்டும் கையில் நிற்கும். அது போதும் என்றுதான் அரசர்களும் நினைத்தார்கள்.

ஆஞ்சூ டியூக் முதலாம் லூயி நல்ல உதாரணம். பிரான்ஸ் அரசர் ஐந்தாம் ஷார்லின் தம்பி. 1379-80 வாக்கில் அவருடைய தங்க, வெள்ளிப் பாத்திரங்களுக்கு எழுதிய பட்டியலில் 3,600-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. படித்தால் மலைப்பாக இருக்கும். அப்புறம் நேப்பிள்ஸ் அரியணை மேல் அவருக்கு ஆசை வந்தது. படை திரட்டக் காசு வேண்டும். பாத்திரங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டு நாணயமாகிவிட்டது. 1382-இல் இத்தாலிக்குப் புறப்பட்டுப் போனவர் 1384-இல் அங்கேயே இறந்தார். நேப்பிள்ஸும் நிலைக்கவில்லை. பட்டியல் இருக்கிறது, பாத்திரம் இல்லை.

உருக்காமலே வேலை முடித்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி 1415-இல் பிரான்ஸ் மீது படையெடுத்தபோது, தளபதிகளுக்குத் தரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாக அரண்மனை நகைகளையும் பாத்திரங்களையும் அவர்கள் கையிலேயே கொடுத்தார். பணம் வந்ததும் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். அடகுதான், வேறென்ன. யார்க் டியூக்குக்குக் கிடைத்தது கப்பல் வடிவில் செய்த பெரிய தருமப் பாத்திரம் ஒன்று. ஒரு கரடியின் மேல் கப்பல் நிற்கிற மாதிரி அமைப்பு. விருந்து மேஜையில் உட்கார்ந்திருந்த அது, சிப்பாய்களின் கூலிக்குப் பிணையாக நின்றது. டியூக் அந்த அக்டோபரிலேயே அஜின்கூர் போரில் செத்துப்போனார்.

அளவு எவ்வளவு என்று புரிய இன்னொரு கணக்கு. பிரான்ஸின் பர்கண்டியையும் இன்றைய பெல்ஜியப் பகுதிகளையும் ஆண்ட பர்கண்டி டியூக் பிலிப் 1467-இல் இறந்தபோது, ரொக்கமாக 4,00,000 தங்க நாணயங்களும், அன்றாடம் புழங்கும் வெள்ளிப் பாத்திரம் மட்டும் 72,000 மார்க்கும் விட்டுச் சென்றார் என்று அவருடைய அரண்மனையில் வளர்ந்து, அங்கேயே அதிகாரியாக இருந்த ஒலிவியே த லா மார்ஷ் எழுதுகிறார். பாரிஸ் மார்க்கில் கணக்குப் போட்டால் 17 டன்னுக்கு மேல் வருகிறது. விசுவாசி எழுதியது, கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், எஜமான் எவ்வளவு பெரியவர் என்று காட்ட அவர் கையில் எடுத்தது வெள்ளிப் பாத்திரத்தின் எடையைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, அடுக்குக்கு வருவோம். பிரெஞ்சில் அதற்கு ட்ரெஸ்வார் என்றும் பஃபே என்றும் பெயர். நம் கல்யாண மண்டபங்களில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோமே, அந்த பஃபேதான். சொல் முதலில் அந்தத் தளவாடத்தைக் குறித்தது. பிறகு அதன்மேல் வைத்த உணவையும், அப்புறம் நாமே போய் எடுத்துப் போட்டுக்கொள்கிற முறையையும் குறிக்க ஆரம்பித்துவிட்டது. மூல பஃபேயில் நீங்கள் நினைத்தாலும் கையை நீட்ட முடியாது.

இதை நேரில் பார்த்து எழுதியவரும் லா மார்ஷ்தான். 1468 ஜூலையில் பிலிப்பின் மகன் ஷார்லுக்கும், இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்டின் தங்கை மார்கரெட்டுக்கும் கல்யாணம். விருந்து ப்ரூஹ் நகரில் (இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது). கூடத்தின் நடுவே சாய்சதுர வடிவில் உயரமாக ஒரு பஃபே கட்டியிருந்தார்கள். கீழ்ப் படிகளில் பெரிய பெரிய பாத்திரங்கள். மேலே போகப் போக உருப்படி சின்னதாகிக்கொண்டே வரும், மதிப்பு ஏறிக்கொண்டே போகும். உச்சிக்குப் பக்கத்தில் கல் பதித்த தங்கம். மூலைகளில் முழு நீளத்துக்கு ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்புகள் என்று சொல்லப்பட்டவை. இவ்வளவையும் வர்ணித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சேர்க்கிறார்: அந்த அடுக்கில் இருந்த எதையும் அன்றைக்குப் பரிமாற எடுக்கவில்லை, பரிமாற வேறு வெள்ளிப் பாத்திரங்கள் தனியாக இருந்தன.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார். இவ்வளவையும் தொடாமலே ஊருக்குச் சோறு போட முடிகிறது என்றால், உள்ளே இன்னும் எவ்வளவு இருக்க வேண்டும்! கிட்டத்தட்ட 60 வருஷம் கழித்து, 1527-இல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கார்டினல் வுல்ஸி ஹாம்ப்டன் கோர்ட் மாளிகையில் பிரெஞ்சுத் தூதர்களுக்கு விருந்து வைத்தபோதும் இதே கதைதான். ஆறு அடுக்கு நிறையப் பொன் முலாம் பூசிய பாத்திரம், யாரும் கிட்டே வராதபடி சுற்றிலும் தடுப்பு. விருந்து முடியும்வரை அதிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை, வேறு பாத்திரங்களே போதுமானதாக இருந்தன என்று வுல்ஸியின் பணியாளர் கேவன்டிஷ் எழுதிவைத்தார். வேறு நாடு, வேறு தலைமுறை, அதே பெருமை.

எத்தனை படி வைப்பது என்பதிலும் இஷ்டத்துக்கு விளையாட முடியாது. பர்கண்டி அரண்மனையில் வளர்ந்த ஆலியனோர் த ப்வாத்தியே என்ற சீமாட்டி, 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரண்மனை வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மகாராணிக்கு ஐந்து படி, டியூக் குடும்பத்து இளவரசிக்கு நான்கு, கவுண்ட் மனைவிக்கு மூன்று, தன் கொடியின் கீழ்ப் படை நடத்தும் பிரபுவின் மனைவிக்கு இரண்டு, அதற்குக் கீழே உள்ள சீமாட்டிக்கு ஒன்று. அவர் இந்தக் கணக்கைச் சொல்வது விருந்துக் கூடத்தை வைத்து அல்ல, பிரசவ அறையை வைத்து! 1457-இல் ஷார்லின் முந்தைய மனைவி இசபெல்லுக்கு மரி என்ற பெண் குழந்தை பிறந்தபோது, தாயின் அறையிலேயே ட்ரெஸ்வார் போட்டுத் தங்கக் கலங்களை அடுக்கினார்கள். ஜன்னல்களை நாள்கணக்கில் திறக்கவில்லை. மெழுகுவர்த்திகள் இரவும் பகலும் எரிந்தன. இனிப்பு வைக்கும் கல் பதித்த தங்கப் பெட்டிகளும் அங்கே இருந்தன, அதில் ஒன்றின் மதிப்பு 40,000 நாணயம், இன்னொன்று 30,000 என்று ஆலியனோர் விலையோடு சொல்கிறார். குழந்தை பார்க்க வந்தவர்கள் குழந்தையையும் பார்த்திருப்பார்கள் என்று நம்புவோம்.

மெழுகுவர்த்தி என்றதும் ஒரு விஷயம். மின்விளக்கில் வாழ்கிற நமக்கு இது எளிதில் உறைக்காது. குளிர்கால மாலையில், கல் கட்டடத்துக்குள், தீப்பந்தமும் மெழுகுவர்த்தியும் மட்டுமே வெளிச்சம். அந்த இருட்டில் அடுக்கடுக்காக நிற்கும் மெருகேற்றிய உலோகம் ஒவ்வொரு சுடரையும் வாங்கித் திருப்பி எறியும். சுடர் ஆடினால் அடுக்கு முழுவதும் ஆடும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கிற ஒரு கோப்பையைப் பார்த்து இந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டம்.

பகட்டு என்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் உச்சம் 1454 பிப்ரவரி 17 அன்று லீல் நகரில் பிலிப் நடத்திய விருந்து. முந்தின வருஷம்தான் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கையில் விழுந்திருந்தது. அதை மீட்கச் சிலுவைப்போருக்குப் போவோம் என்று பிரபுக்களைச் சபதம் எடுக்க வைப்பதற்காகவே கூட்டிய விருந்து. கழுத்தில் தங்கமும் ரத்தினமும் பூட்டிய ஒரு ஃபெசன்ட் பறவையை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதன் முன்னால்தான் சபதம். அதனால்தான் இதற்கு ஃபெசன்ட் விருந்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேஜை மேல் ஒரு பெரிய பணியாரக் கூடு, அதற்குள் 28 இசைக்காரர்கள். இன்னொரு மேஜையில் மணியோடும் பாடகர்களோடும் ஒரு தேவாலயம். பஃபேயில் தங்க, வெள்ளிக் கலங்களோடு படிகக் கூஜாக்கள், மதுவை எடுக்க வருகிற பணியாளர்கள் தவிர யாரும் நெருங்கக்கூடாது. பக்கத்தில் ஒரு தூணில் நிர்வாணப் பெண் சிலை, அதன் வலது மார்பிலிருந்து மசாலா கலந்த இனிப்பு ஒயின் வழிந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் காவலாக உயிருள்ள சிங்கம் ஒன்றைச் சங்கிலியில் கட்டி, "என் சீமாட்டியைத் தொடாதே" என்று எழுதியும் வைத்திருந்தார்கள். இந்த வேடிக்கைகளில் லா மார்ஷும் நடித்தார். யானை மேல் கோபுரத்தில் உட்கார்ந்து, துயரப்படும் திருச்சபையாக வேடம் கட்டி, பிரபுக்களிடம் உதவி கேட்டுப் புலம்பினார். எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுச் சபதம் செய்தார்கள். படை கடைசிவரை கிளம்பவில்லை.

இப்போது சாப்பிடுகிற மேஜை. சாதாரண விருந்தாளிக்குத் தட்டு என்பது பழைய ரொட்டியைக் கனமாகச் சீவிய துண்டு. பிரெஞ்சில் த்ரான்ஷ்வார் என்பார்கள். நாலு நாள் ஆன ரொட்டி என்றால் விறைப்பாக நிற்கும், குழம்பை உறிஞ்சும், ஆனால் உடையாது. பெரிய இடங்களில் அதற்கடியில் ஒரு மரப் பலகையோ உலோகத் தகடோ இருக்கும். குழம்பில் ஊறிய ரொட்டி விருந்து முடிந்ததும் வாசலில் காத்திருக்கும் ஏழைகளுக்குப் போகும். கோப்பையையும் கிண்ணத்தையும் இருவர் பகிர்ந்துகொள்வது வழக்கம். முள்கரண்டி ரொம்ப அபூர்வம். இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்டுக்கு வேண்டியவரான பியர்ஸ் கேவ்ஸ்டன் 1312-இல் கொல்லப்பட்ட பிறகு அவருடைய சொத்துக்குப் போட்ட பட்டியலில் மூன்று வெள்ளி முள்கரண்டிகள் வருகின்றன. எழுதியவர் அவை எதற்கு என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்: பேரிக்காய் சாப்பிட. விளக்காவிட்டால் படிக்கிறவருக்குப் புரியாது போலும்.

விருந்தளிக்கும் பிரபுவின் முன்னால் மட்டும் காட்சி வேறு. அங்கே நிற்பது நெஃப். பிரெஞ்சில் கப்பல் என்று அர்த்தம். தங்கத்திலோ வெள்ளியிலோ செய்த பாய்மரக் கப்பல், சிலவற்றுக்குச் சக்கரம்கூட உண்டு. அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் கூடத்தில் உயர்ந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். 1378 ஜனவரி 6 அன்று பாரிஸில் ஐந்தாம் ஷார்ல், தன் தாய்மாமனான ஜெர்மானியப் பேரரசர் நான்காம் கார்லுக்கும் அவருடைய மகன் வென்செஸ்லாவுக்கும் விருந்து வைத்தார். பேரரசரும், அரசரும், ஏற்கெனவே ஜெர்மானிய அரசராக முடிசூடிய மகனும் ஒரே மேஜையில். அந்த விருந்தைக் காட்டும் ஓவியம் பிரெஞ்சு அரசரின் வரலாற்றுச் சுவடியில் இருக்கிறது. மேஜையில் எண்ணினால் மூன்று நெஃப். ஒன்று குறைந்திருந்தால் அரசியல் சிக்கலாகியிருக்கும்.

கப்பல் வெறும் பொம்மை இல்லை, அதற்குள் சாமான் இருக்கும். 1474-இல் லா மார்ஷ் தன் எஜமானின் வீட்டு நிர்வாகத்தை விவரித்து எழுதிய நூலில், டியூக்கின் வெள்ளித் தகடுகள், சின்ன உப்புக் கிண்ணம், இன்னொரு குட்டிக் கப்பல் எல்லாம் பெரிய நெஃபுக்குள் வைப்பதாகச் சொல்கிறார். அந்தக் குட்டிக் கப்பலுக்குள் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்புத் துண்டு. எதற்கு? டியூக்கின் உணவைத் தொட்டுப் பார்க்க. விஷம் இருந்தால் கொம்பு காட்டிக்கொடுக்கும் என்று நம்பிக்கை. உண்மையில் அது ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் தந்தம். இன்னொரு சோதனைக் கருவி இதைவிட வினோதம்: வெள்ளியிலோ பவளத்திலோ ஒரு சிறு மரம், கிளைகளில் "பாம்பு நாக்குகள்" தொங்கும். அவை கல்லாகிப்போன சுறாப் பற்கள். விஷம் பக்கத்தில் வந்தால் வியர்க்கும் என்றார்கள். வியன்னாவில் இப்படிப்பட்ட மரம் இன்றும் பார்வைக்கு இருக்கிறது.

ரொட்டி, உப்பு, இறைச்சி, கைகழுவும் தண்ணீர், ஒயின் எல்லாவற்றையும் யாராவது முதலில் ருசி பார்த்தாக வேண்டும். இத்தாலியில் இந்தச் சோதனைக்குக் கிரெடென்ஸா என்று பெயர், நம்பிக்கை என்று பொருள். சோதனை நடந்த மேஜைக்கும் பிறகு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது, இன்றும் மரச்சாமான் கடைகளில் கிரெடென்ஸா விற்கிறார்கள். இந்தப் பணிகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. பர்கண்டியில் ரொட்டி அதிகாரிக்கு முதலிடம், ஒயின் அதிகாரிக்கு இரண்டாவது, இறைச்சி வெட்டுபவர் அதற்குப் பின்னால்தான். ரொட்டியும் ஒயினும் தேவாலயப் பூசையில் கிறிஸ்துவின் உடலும் ரத்தமுமாக ஆகிறவை, அதனால் அவற்றுக்கு முன்னுரிமை என்று லா மார்ஷ் காரணம் சொல்கிறார். இறைச்சி வெட்டத்தான் நிஜமாகவே திறமை வேண்டும், ஆனாலும் மூன்றாமிடம்!

விஷம் முறிக்கும் என்று நம்பிய பொருள்களில் நமக்குத் தெரிந்த ஆசாமி ஒன்றும் உண்டு: தேங்காய். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் கைமாறிக் கைமாறி ஐரோப்பா போய்ச் சேர்ந்த தேங்காயை அங்கே "இந்தியக் கொட்டை" என்றார்கள். உள்ளிருப்பதைத் தின்றார்களோ என்னவோ, கொட்டாங்குச்சியை மட்டும் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். விளிம்பில் வெள்ளி வளையம், அடியில் வெள்ளித் தண்டு, பக்கவாட்டில் பிடிக்க வெள்ளிப் பட்டைகள். ஆக்ஸ்ஃபர்டின் நியூ காலேஜில் 15-ஆம் நூற்றாண்டுத் தேங்காய்க் கோப்பைகள் இன்னும் இருக்கின்றன. நாம் அடுப்பில் போடுகிற கொட்டாங்குச்சி, அங்கே தீக்கோழி முட்டை, முத்துச்சிப்பி, படிகம் எல்லாவற்றோடும் சரிசமமாக உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஐந்தாம் ஷார்லின் இன்னொரு தம்பியான பெரி டியூக் ஜானின் பிரார்த்தனைச் சுவடியில் ஜனவரி மாதப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் தெளிவாகவே கிடைக்கும். லிம்பூர்க் சகோதரர்கள் 1416-க்கு முன் வரைந்தது, பிரான்ஸின் ஷான்டியி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல அங்கியும் ரோமத் தொப்பியுமாக டியூக். பின்னால் கணப்பின் சூட்டைத் தடுக்கும் பிரம்புத் தட்டி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி விழுகிறது. ஓவியர்கள் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் தங்கப் பாத்திரங்களோடு ஓர் அடுக்கு. மேஜையின் வலது முனையில் பெரிய தங்கக் கப்பல், ஒரு முனையில் கரடி, மறுமுனையில் அன்னம். இரண்டும் டியூக்கின் சின்னங்கள். நடுவே, இத்தனை மரியாதைக்கும் நடுவே, இரண்டு குட்டி நாய்கள் மேஜை மேலேயே நடந்துகொண்டிருக்கின்றன. யாரும் விரட்டவில்லை.

இத்தனை டன் பாத்திரமும் எங்கே போயிற்று? பெரும்பாலானது உருகிப்போயிற்று. சில போனவிதம் மட்டும் கதையாக நிற்கிறது. பர்கண்டி டியூக் ஷார்ல் தன் செல்வத்தைக் காட்டியே காரியம் சாதிக்கப் பார்த்தவர். 1473-இல் ட்ரியர் நகரில் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்குக்கு அவர் விருந்து வைத்தபோது பஃபே ஜொலித்தது. பேரரசர் தனக்கு அரச பட்டம் தருவார் என்று எதிர்பார்த்தார். பேரரசரோ நவம்பரில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போய்விட்டார். இவ்வளவு வைத்திருப்பவனுக்குக் கிரீடமும் கொடுத்தால் என்ன ஆவது என்று அவர் யோசித்திருக்கலாம். காட்சி வேலை செய்தது, ஆனால் தலைகீழாக. இது என் ஊகம்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1476 மார்ச் 2 அன்று கிரான்சன் என்ற இடத்தில் ஷார்லின் படை சுவிஸ்காரர்களிடம் சிதறி ஓடியது. போர்முனைக்கும் அவர் பாத்திரங்களோடும் திரைச்சீலைகளோடும்தான் போயிருந்தார், பாசறையே ஓர் அரண்மனை. அத்தனையும் மலைநாட்டுக் குடியானவர்கள் கையில் சிக்கியது. கொமின் என்ற வரலாற்றாசிரியர் (முதலில் ஷார்லிடம் இருந்து, பிறகு எதிரியான பிரெஞ்சு அரசரிடம் போனவர்) எழுதுகிறார்: வெள்ளித் தட்டுகளை வெள்ளீயம் என்று நினைத்து, தட்டுக்கு இரண்டு சில்லறைக் காசு என்று விற்றார்களாம். டியூக்கின் பெரிய வைரம் இருந்த பெட்டியை ஒருவன் எடுத்துப் பார்த்தான், வண்டிக்கடியில் போட்டான், அப்புறம் மனசு கேட்காமல் திரும்பிவந்து எடுத்து, ஒரு பாதிரியாருக்கு ஒரு ஃப்ளோரினுக்கு விற்றான். கொமின் இதைக் கேலியாகத்தான் சொல்கிறார். எனக்கு என்னவோ அந்த ஆளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கூடமும் சுடரும் தடுப்பும் சிங்கமும் இல்லாத இடத்தில், சேற்றில் கிடந்த தட்டு அவனுக்குத் தட்டாகத்தான் தெரிந்தது. ஷார்ல் அடுத்த ஜனவரியில் நான்சி நகருக்கு வெளியே கொல்லப்பட்டார்.

பிழைத்தவை பெரும்பாலும் யாராவது பரிசாகக் கொடுத்து, கடைசியில் தேவாலயத்திலோ மடத்திலோ ஒதுங்கியவை. லண்டன் பக்கம் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தின் 40-ஆம் அறையில் அரச தங்கக் கோப்பையைப் பாருங்கள். உயரம் 23.6 சென்டிமீட்டர், எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அத்தனையும் தங்கம். 1370-80 வாக்கில் பாரிஸில் செய்தது. 1391-இல் பிரெஞ்சு அரசர் ஆறாம் ஷார்லின் பட்டியலில் முதல்முறையாக வருகிறது, பிறகு இங்கிலாந்து அரசர்களிடம் போய்ச் சேர்ந்தது. தங்கத்தில் மெல்லிய ஆழத்துக்குச் செதுக்கி, மேலே ஒளி ஊடுருவும் எனாமல் பூசியிருக்கிறார்கள். சிவப்பு நிற அங்கிகளைப் பாருங்கள், அடியில் இருக்கும் தங்கம் வழியாக வெளிச்சம் வந்து திராட்சை ரசம் மாதிரி மின்னும். சுற்றிலும் புனித ஆக்னஸின் கதை. மூடியில் ஒரு காட்சியில் ஓர் இளைஞன் நகைப்பெட்டியை நீட்டுகிறான், அந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். இரண்டு கிலோ தங்கத்தில் இந்தக் காட்சியைச் செதுக்கியவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா, தெரியவில்லை.

தண்டைக் குனிந்து பாருங்கள். கோப்பை முதலில் இவ்வளவு உயரம் இல்லை. இரண்டு வளையங்களைப் பிற்பாடு செருகியிருக்கிறார்கள். ஒன்றில் இங்கிலாந்தின் டியூடர் அரச வம்சச் சின்னமான ரோஜாக்கள். இன்னொன்றில் லத்தீன் வாசகம்: 1604-இல் இங்கிலாந்தும் ஸ்பெயினும் சமாதானம் செய்துகொண்டபோது முதலாம் ஜேம்ஸ் இதை ஸ்பெயின் தரப்புக்குத் தலைமை தாங்கிய பெலாஸ்கோவுக்குக் கொடுத்த சேதி. அவர் 1610-இல் மெதினா தே போமார் ஊரில் உள்ள கன்னிமடத்துக்குக் காணிக்கையாக்கினார். 1883-இல் மடத்துக்குப் பணமுடை வந்து விற்றார்கள். கைமாறி 1892-இல் 8,000 பவுனுக்கு மியூசியம் வாங்கியது. மூடியின் உச்சியில் இருந்த குமிழைக் காணோம், வழியில் எங்கேயோ யாரோ கழற்றியிருக்கிறார்கள்.